துறைமுகம் கண்ணெதிரே இருந்தும் கடலுக்கே திரும்பிய படகு: குரோவேசியக் கடலோர அனுபவங்கள்

அலைவாய்:
குரோவேசியத் தீவுகளுக்குக் குடும்பத்தோடு பாய்மரப் படகில் சென்று வந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால், பயணத்தின் முன்கதையை விட்டுவிட்டு, இன்னும் என் மனத்தை விட்டு அகலாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன். பிஷேவோவின் நீலக் குகையைப் பார்த்துவிட்டு, வீஸ் தீவின் கோமிஷா துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பிற்பகலில் நன்றாக வீச வேண்டிய மாயெஸ்ட்ரால் காற்று சட்டென்று அடங்கியது. மேற்கே வானம் கறுத்தது. நெவேரா என்னும் திடீர் இடிமழைக் காற்று வருகிறது என்று சொல்லிக்கொண்டே, படகைச் செலுத்திய ஸ்கிப்பர் இரண்டு பாய்களையும் சுருட்டினார். பிள்ளைகளின் லைஃப் ஜாக்கெட்டுகளை வார்களால் படகோடு பிணைத்தார்.

கோமிஷாவின் அலைதடுப்புச் சுவரும் அதன் பின்னால் இருந்த வீடுகளின் சன்னல்களும்கூடத் தெளிவாகத் தெரிந்தன. அப்போதுதான் அவர் சுக்கானைத் திருப்பி, துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி, கருமேகம் வந்த திசைக்கே படகைச் செலுத்தினார். என் மகள் கரையைக் காட்டி, "அம்மா, ஊர் அங்கே இருக்கிறது, நாம் ஏன் இந்தப் பக்கம் போகிறோம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குள் மழை கிடையாக அடிக்கத் தொடங்கியது. படகின் முனைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

கோமிஷாவின் விரிகுடா மேற்கு நோக்கித் திறந்திருப்பதால் அந்தக் காற்று படகைச் சுவரில் கொண்டுபோய் மோதிவிடும் என்றும், திறந்த கடலில் மோதுவதற்கு எதுவும் இல்லை என்றும் அவர் பின்னர் விளக்கினார். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும், கரையை விட்டு விலகிய அந்தத் திருப்பத்தை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. மறுநாள் ஸ்பிளிட் நகரில் தியோக்கிளேஷியன் அரண்மனையின் முற்றத்தில் நின்றபோது, தரை ஆடுகிறது என்று சொல்லி மகள் ஒரு கருங்கல் தூணை இரு கைகளாலும் கட்டிக்கொண்டாள். எகிப்திலிருந்து வந்த கருங்கல் ஸ்பிங்ஸ் சிலையைக் காட்டினேன். அவள் தூணை விடவில்லை. துறைமுகத்துக்கு அருகில் நெவேரா வந்தபோது உங்கள் ஸ்கிப்பர்கள் என்ன செய்தார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

தென்கரை:
அலைவாய் அக்கா, உங்கள் ஸ்கிப்பரின் முடிவில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வானம் கறுத்த பிறகு கடலுக்குத் திரும்பியது சரிதான். ஆனால் இடிமழை எதிர்பார்க்கப்பட்ட நாளில் மேற்கு நோக்கிய துறைமுகத்தைத் தேர்ந்திருக்கவே கூடாது. வீஸ் நகரத்தின் துறைமுகம் அதே தீவின் மறுபக்கத்தில் இருக்கிறது. எங்களுக்கும் ஹ்வார் தீவுக்கு அருகில் நெவேரா வந்தது. நாங்கள் முன்கூட்டியே ஒதுங்கியிருந்ததால் நனைந்தது மட்டுமே எங்கள் அனுபவம்.

குடும்பத்தோடு செல்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். குரோவேசிய வானிலைத் துறையின் கடல் முன்னறிவிப்பைக் காலையிலும் மாலையிலும் கேளுங்கள். ஸ்பிளிட், ரியேகா, டுப்ரோவ்னிக் கடலோர வானொலி நிலையங்கள் அதைப் படகிலுள்ள வி.எச்.எஃப். வானொலிக் கருவியில் கேட்கும்படி ஒலிபரப்புகின்றன. கருவியை அவசர அழைப்புக்கான 16-ஆம் அலைவரிசையிலேயே வைத்திருங்கள். கைப்பேசியிலிருந்து கடல் மீட்புப் பிரிவை அழைப்பதற்கு 195 என்ற எண் உண்டு. பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் வந்த கணத்திலேயே சுருக்கிவிடுங்கள். நங்கூரம் இட்டால், நீரின் ஆழத்தைப் போல ஐந்து மடங்குச் சங்கிலி சாதாரண நாளுக்குப் போதும். காற்று வலுக்கும் இரவில் ஏழு மடங்காவது வேண்டும். கடற்புல் படர்ந்த இடத்தில் நங்கூரம் பிடிக்காது. வெளிர் நிறமாகத் தெரியும் மணல் திட்டில் இடுங்கள். பிள்ளைகளுக்குக் குமட்டல் மாத்திரையைப் புறப்படும் முன்பே கொடுத்துவிடுங்கள். நகரம் பார்க்கும் நாளைப் பயணத்தின் கடைசியில் வையுங்கள். வானிலையால் ஒரு நாள் பிந்தினாலும் விமானம் தவறாது.

உப்பளம்:
தென்கரை சொன்ன அறிவுரைகள் பயனுள்ளவை, ஆனால் அலைவாய் கேட்டது அதுவல்ல. முன்கூட்டியே ஒதுங்கலாம் என்பது எல்லா வேளையிலும் இயலக்கூடியதும் அன்று. நெவேரா கோடையில் சட்டென்று எழுந்து விரைவில் ஓய்ந்துவிடும் இடிமழைக் காற்று. எந்தத் தீவின் மேல், எந்த மணிக்கு வரும் என்று காலை முன்னறிவிப்பு சொல்லிவிடாது. விரைவில் ஓய்ந்துவிடும் என்பதாலேயே கரையை விட்டு விலகிக் காத்திருப்பது அறிவுடைமை.

எங்களை அலைக்கழித்தது பூரா, மலையிலிருந்து கடலின் மேல் பாயும் கடுங்காற்று. பாக் தீவின் கிழக்குப் பக்கம் ஏன் மரமே இல்லாமல் வெளுத்துக் கிடக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். வெலெபிட் மலைமுகட்டில் தொப்பி போல் ஒரு வெண்மேகம் அமர்ந்திருந்தது. மற்றபடி வானம் முழுவதும் நீலம். மலையிலிருந்து விழுந்த காற்று கடலின் மேற்பரப்பையே கிழித்து எடுத்து, புகையாக எங்கள் மேல் வீசியது. துறைமுகத்தில் கட்டிய படகுக்குள் இருந்தும், பாய்மரக் கயிறுகளின் ஊளையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. காற்று ஓய்ந்ததும் என் தந்தையார் சுக்கானைத் தொட்டுப் பார்த்தார். விரல் முழுவதும் உப்பு, நறநறவென்று. அவர் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். புயலென்றால் இருண்ட வானம் என்றே வாழ்நாள் முழுவதும் அறிந்திருந்த அவர், வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது வீசிய இந்தக் காற்றைத்தான் இன்றும் நம்ப மறுக்கிறார்.

நீள்துறை:
இருவரும் வெவ்வேறு காற்றை மனத்தில் வைத்துக்கொண்டு வாதிடுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. தென்கிழக்கிலிருந்து வரும் யூகோ மெதுவாக வலுத்து, நாள்கணக்கில் வீசி, பேரலைகளை எழுப்பும். அதைக் கடலில் காத்திருந்து கடக்க முடியாது. அங்கே தென்கரையின் பேச்சே சரி.

யூகோவினால்தான் நாங்கள் ஸாடர் நகரில் தங்க நேர்ந்தது. அந்நகரின் கடல் ஆர்கனைப் பலர் அமைதியான மாலையில் கேட்டிருப்பீர்கள். கட்டடக் கலைஞர் நிக்கோலா பாஷிச் 2005-இல் அமைத்தது. கரையோரப் படிகளுக்கு அடியில் உள்ள 35 குழாய்களில் அலை காற்றைத் தள்ளும்போது ஒலி எழுகிறது. நாங்கள் கேட்ட அன்று அது இசையாக இல்லை. தாழ்ந்த சுருதியில் ஓர் உறுமல், அதன் மேல் திடீரென்று ஒரு கூவல். படியில் உட்கார்ந்தால் ஒலி முதுகெலும்பில் ஏறியது. படகில் அத்தனை அலைக்கும் அழாத என் மகன் அங்கேதான் அழுதான். கடலில் இருந்தபோது இவ்வளவு சத்தம் நமக்குக் கீழே இருந்ததா என்று கேட்டான். நகரத்தில் வேறென்ன பார்த்தோம் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தக் கேள்வி மட்டும் நிற்கிறது.

அலைவாய்:
தென்கரை, அன்று காலை முன்னறிவிப்பில் மேற்குக் கரைக்கென்று தனி எச்சரிக்கை எதுவும் இல்லை. ஸ்கிப்பர் அதை எங்கள் முன்னிலையில்தான் கேட்டார். உப்பளம் சொன்ன காரணத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த முறை படகைத் திருப்பும்போதே காரணத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. ஷிபெனிக்கிலிருந்து கோர்னாட்டித் தீவுகளுக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். அங்கே மேற்குக் காற்றுக்கு நன்றாக ஒதுங்கக்கூடிய விரிகுடாக்களில் பிள்ளைகளோடு இரவு தங்கியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.