கொள்ளளவா, தாங்களவா?

> கேரியிங் கெப்பாசிட்டி (carrying capacity) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் கொள்ளளவு என்றே போட்டுவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். ஓர் இடம் கெட்டுப்போகாமல் எத்தனை உயிர்களைத் தாங்கும் என்ற வரம்புதான் கேரியிங் கெப்பாசிட்டி. குடத்துக்குக் கொள்ளளவு உண்டு. நிரம்பினால் வழியும், வழிவது கண்ணுக்குத் தெரியும். மலை வழியாது. ஏற்ற ஏற்ற வாங்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஊற்று வற்றும், சரிவில் மண் இளகும், போன வருஷம் தாங்கியதை இந்த வருஷம் தாங்காது.

குன்னூரில் எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் நீல டிரம். மே மாதம் குழாயில் காற்று மட்டும் வரும் நாட்களில் பக்கத்து வீட்டுப் பாட்டி காலி டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல ஊரு தாங்காது" என்பார். இத்தனைக்கும் கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்து மக்கள்தொகை 2001-இல் 7,62,141, 2011-இல் 7,35,394. தலை குறைந்திருக்கிறது! ஆக, தலையை மட்டும் எண்ணினால் போதாது. வந்துபோகிறவர்களையும், ஒருவர் எவ்வளவு தண்ணீர் செலவழிக்கிறார் என்பதையும் சேர்த்தல்லவா பார்க்க வேண்டும்?

இந்த வரம்பைப் பற்றிய பேச்சு பழையது. ஆங்கிலேயப் பொருளியலாளர் மால்தஸ் 1798-இல் மக்கள் பெருக்கல் கணக்கில் கூடுவார்கள், உணவு கூட்டல் கணக்கில்தான் கூடும் என்றார். 1838-இல் பெல்ஜியக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் மக்கள் பெருக்கத்துக்குச் சமன்பாடு எழுதி, உச்சவரம்பை நெருங்க நெருங்க வளர்ச்சி தளரும் என்று காட்டினார். 1965-இல் டென்மார்க் பொருளியலாளர் எஸ்தர் போசரப் மால்தஸ் சொன்னதைத் திருப்பிப் போட்டார்: ஆள் பெருகினால் தரிசு விடும் காலத்தைக் குறைத்து, கூடுதலாக உழைத்து, அதே நிலத்தில் அதிகம் விளைவிப்பார்கள். அதாவது, வரம்பே நகரும்.

> அப்படியானால் ஏற்கெனவே புழங்கும் தாங்குதிறன் போதாதா?

நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். ஆனால் கட்டடக்காரர்கள் அஸ்திவார மண்ணுக்கும் தாங்குதிறன் என்கிறார்கள். மலைநகர அறிக்கை ஒன்றில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் குழப்பம்தான். தவிர, நமக்குத் தேவை எண்ணைத் தூக்கி நிற்கும் சொல். 2025 ஏப்ரலில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. "திறன் 6,000" என்றால் ஒட்டவில்லை. "அளவு 6,000" ஒட்டுகிறது.

அதனால் என் முன்மொழிவு: தாங்கு + அளவு = தாங்களவு. 'தாங்கள்' என்று தொடங்குவதால் மலைக்கு மரியாதை கொடுப்பது போல இருக்கிறது, இருக்கட்டும். அளவு என்றால் மாறாதது என்று யாராவது சொல்வீர்கள். வண்டல் படிந்தால் அணையின் கொள்ளளவு குறைவதில்லையா? "இந்த மேய்ச்சல் நிலத்தின் தாங்களவு நாற்பது மாடு" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் உறுத்தவில்லை.

அளவு கடந்த நிலைக்குத் தாங்களவு மீறல் என்று வைத்திருக்கிறேன். அதுதான் கொஞ்சம் நீளம். சுருக்கமாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.