குரங்குக் குருதியில் சீடி3 தெரியவே இல்லை. பிழை எங்கே?

ஆய்வுகூட எலி (கொழும்பு):
வணக்கம். ரிலவா என்ற நம்மூர் மக்காக் குரங்குகளின் குருதியில் டீ கலங்களை (T, நோயெதிர்ப்பு வெண்கலம்; சீடி3 அதன் அடையாளப் புரதம்) எண்ண வேண்டும். அனுமதி எடுத்து, மிருக வைத்தியர் ஈடீடீஏ (உறையாமல் தடுப்பது) குழாயில் எடுத்துத் தந்த குருதி. அன்றே சாயமேற்றி சைற்றோமீற்றரில் (சாய ஒளியை வைத்துக் கலம் எண்ணும் கருவி) ஓட்டினேன். கையில் இருந்தது மனிதக் கலப் புரதங்களைப் பிடிக்கும் சாயப் பிறபொருளெதிரிகள்தான் (அடைப்பில் குளோன், அதாவது பிறபொருளெதிரியின் வகைப் பெயர்): சீடி3 (யூசீஎச்டீ1), சீடி8 (எஸ்கே1), சீடி45 (எச்ஐ30). சீடி8 அழகாக எழும்புகிறது. மற்ற இரண்டும் சாயமிடாத குழாய் மாதிரியே கிடக்கின்றன. அளவைக் கூட்டினேன், பின்னணிதான் கூடியது. கரண்ட் போன நாளில் பிரிஜ்ஜில் பழுதாகியிருக்கும் என்கிறார் சேர். ஆனால் என் குருதியில் மூன்றும் ஒழுங்காக வேலை செய்தன.

பழைய கை:
பிரிஜ்ஜை விடுங்கள் தங்கச்சி, உங்கள் குருதியே சாட்சி சொல்லிவிட்டதே. நமக்கும் மக்காக்குகளுக்கும் பொது மூதாதை இருந்து 2.5 கோடி ஆண்டுக்கு மேல். புரதம் ஒன்றுதான், ஆனால் அந்தப் பிறபொருளெதிரி பிடிக்கும் இடத்தில் ஓரிரு அமினோ அமிலம் மாறினாலும் போச்சு. "சீடி3" என்ற பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது, குளோனைப் பார்க்க வேண்டும். யூசீஎச்டீ1, ஓகேடீ3 இரண்டும் மக்காக்கில் ஒட்டாது. எஸ்பீ34-2 ஒட்டும். அதுவும் மனித சீடி3-க்கு எதிரானதுதான், ஆனால் எப்சிலன் சங்கிலியின் மாறாத நுனியைப் பிடிக்கிறது. சீடி45-க்கு டீ058-1283 கேளுங்கள், சீடி4-க்கு எல்200. ரீசஸ், சைனோமோல்கஸ் என்ற இரு மக்காக் இனங்களிலும் பழகியவை. ரிலவாவும் அதே பேரினம் என்று நம்பிவிடாமல், சின்னக் குப்பி எடுத்து அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள்.

கலமெண்ணி:
குரங்குக்கென்றே செய்தது என்றாலும் முழு நம்பிக்கை வேண்டாம். எஃப்என்-18 ரீசஸ் சீடி3-க்கு எதிராகச் செய்தது, ஆனால் சைனோமோல்கஸில் சில விலங்குகளில் சாயமே ஏறாது. மரபணு வேறுபாடு. அடுத்தது, என்கே கலத்துக்கு (இன்னொரு நோயெதிர்ப்புக் கலம்) மனிதரில் போல சீடி56 போட்டுவிடாதீர்கள். மக்காக்கில் அது மொனோசைற்று என்ற வேறு வெண்கலத்தில் தெரியும். சீடி3 இல்லாமல், சீடி8, என்கேஜீ2ஏ இரண்டும் உள்ளவற்றை எண்ணுங்கள். அப்புறம் கையுறை, கண்ணாடி இல்லாமல் குழாயைத் திறக்க வேண்டாம். மக்காக்கில் பீ வைரஸ் (ஒரு ஹெர்பிஸ் வைரஸ்) இருக்கலாம், மனிதருக்கு ஆபத்து.

ஆய்வுகூட எலி:
மிக்க நன்றி. சேரிடம் காட்டினேன், பிரிஜ் விடுதலை. இன்னொன்று: மனித ஐஎல்-6 (அழற்சியின் சைகைப் புரதம்) அளக்கும் எலைசா கிற் ஒன்றும் இருக்கிறது. பிளாஸ்மாவில் ஒன்றும் வரவில்லை. குரங்கில் ஐஎல்-6 இல்லை என்று எழுதலாமா?

பழைய கை:
ஐயோ, எழுதாதீர்கள். அதில் பிடிக்க ஒன்று, காட்ட ஒன்று, இரண்டு பிறபொருளெதிரி. ஒன்று ஒட்டாவிட்டாலும் பூச்சியம்தான். மக்காக் ஐஎல்-6 தெரிந்த அளவில் சேர்த்து, அது திரும்பத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆய்வுகூட எலி:
சரி அண்ணா. பீ கலத்துக்கு சீடி19 (எச்ஐபீ19) நேற்றுத்தான் வந்தது, இன்னும் திறக்கவில்லை.

பழைய கை:
திறக்காதீர்கள்! அந்தக் குளோனும் மக்காக்கில் ஒட்டாது. ஏஜென்டிடம் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். பதிலுக்கு பீ கலத்துக்கு சீடி20, குளோன் 2எச்7.