அற்புதங்கள் நடக்கும் சபையில் ஊழியரைச் சோதித்தறிவது பாவமா?

கேள்வி

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் போதகர் ஜெபித்ததால் சுகமடைந்ததாகப் பலர் சாட்சி சொல்லுகிறார்கள். அவருடைய உபதேசத்திலும் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் காணிக்கைக் கணக்கைப் பற்றி ஒரு மூப்பர் கேட்டபோது, சங்கீதம் 105:15-ஐக் காட்டி, "அபிஷேகம் பெற்றவரைத் தொடக்கூடாது" என்று சொல்லி, அவரைப் பொறுப்பிலிருந்தே நீக்கிவிட்டார். இப்படிப்பட்டவரைச் சந்தேகிப்பது பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவமாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

முதல் மறுமொழி

அஞ்ச வேண்டாம். ஆவிகளைச் சோதித்தறியும்படி 1 யோவான் 4:1 நமக்குக் கட்டளையே கொடுக்கிறது. பவுல் பிரசங்கித்ததைக்கூட பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள்; அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை, நற்குணசாலிகள் என்றே எழுதப்பட்டிருக்கிறார்கள். அற்புதம் மட்டும் அத்தாட்சி ஆகாது. சொன்ன அடையாளம் அப்படியே நடந்தாலும், ஜனங்களை வேறு தேவர்களிடம் திருப்புகிறவனுக்குச் செவிகொடுக்கக் கூடாது என்று உபாகமம் 13 சொல்லுகிறது. தம்முடைய நாமத்தினாலே அற்புதங்கள் செய்தோம் என்பவர்களிடமும் "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்று சொல்லப்போவதாக ஆண்டவரே எச்சரித்திருக்கிறார்.

இரண்டாம் மறுமொழி

அந்தச் சங்கீத வசனம், அந்நிய தேசங்களில் பாதுகாப்பின்றி அலைந்து திரிந்த முற்பிதாக்களை ராஜாக்கள் ஒடுக்காதபடி தேவன் காத்ததைப் பற்றியது. கணக்குக் கேட்கிற விசுவாசியின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்துவது மிகவும் வேதனையானது. தன்னைக் கொல்லத் தேடின சவுல் ராஜா ஒரு குகையில் அகப்பட்டபோதும், கர்த்தர் அபிஷேகம்பண்ணின அவன்மேல் கைபோடமாட்டேன் என்ற தாவீது, அதே நாளில் குகைக்கு வெளியே நின்று, சவுலின் சால்வையிலிருந்து அறுத்தெடுத்த தொங்கலைக் கையில் பிடித்தபடி, அவன் செய்கிற அநியாயத்தை அவன் முகத்துக்கு நேராகவே எடுத்துச் சொன்னான்.

பண விஷயத்தில் பவுல் நடந்துகொண்ட முறையை 2 கொரிந்தியர் 8-இல் பாருங்கள். எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றஞ்சாட்டாதபடி, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைத் தம்மோடு வைத்துக்கொண்டார். அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்ட அந்த ஒழுங்கு நம் போதகர்களுக்கு வேண்டாமா? சகோதரரை ஏற்றுக்கொள்ள மனதாயிருந்தவர்களைச் சபைக்குப் புறம்பே தள்ளின தியோத்திரேப்புவை 3 யோவான் பெயர் சொல்லிக் கண்டிப்பதையும் நீங்கள் வாசிக்க வேண்டும்.

மூன்றாம் மறுமொழி

மேலே சொன்னவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் தவறு செய்கிற ஊழியர் எல்லாரும் கள்ள ஊழியர் அல்லர். அப்பொல்லோ குறைவான அறிவோடு பிரசங்கித்தபோது, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தனியே சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள். அதன்பின்பும் அவனுடைய ஊழியம் தொடர்ந்தது. திருத்தும்போது ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையே நான் முக்கியமான கனியாகக் கருதுகிறேன். ஆதிச்சபையின் டிடாகே என்னும் போதனை நூலும், ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்கிறவனுக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்றும், வறியவர்களுக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்க வேண்டாம் என்றும் பிரித்துக் காட்டுகிறது.

ஆகவே வதந்தியைப் பரப்பாமல், நீக்கப்பட்ட மூப்பரோடும் இன்னும் ஒருவரோடும் போதகரை நேரில் சந்தித்து, வரவு செலவுக் கணக்கைச் சபைக்கு முன்பாக வைக்கும்படி எழுத்துமூலம் கேளுங்கள். மூப்பர்மேல் வரும் குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிற 1 தீமோத்தேயு 5, அடுத்த வசனத்திலேயே, பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்லுகிறது. அவர் மறுத்தால், உங்கள் சபைக்கு மேலான பேராயமோ மேற்பார்வைக் குழுவோ இருக்குமானால், அந்தக் கடிதத்தின் நகலோடு அவர்களிடம் செல்லலாம்.