ஸ்பெயின் செப்புக் காசுகள்: முத்திரை படிக்கத் தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம் நண்பர்களே. போன மாதம் மாட்ரிட் போயிருந்தபோது, பிளாசா மயோரில் ஞாயிறு காலை கூடும் நாணயச் சந்தையில் ஒரு கைப்பிடி மரவெதிக் காசு (ஸ்பெயினின் பழைய சில்லறை நாணயம்) வாங்கினேன், பேரம் பேசியும் பெரிதாகக் குறையவில்லை.

18-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் ராஜா மூன்றாம் கார்லோஸ் காலத்து 8 மரவெதி இரண்டு இருக்கிறது. அதில் சிக்கல் இல்லை, ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் சிலுவைக்கு நடுவே கோட்டையும் சிங்கமும், பக்கத்தில் செகோவியா நகரத்து அக்கசாலையின் (நாணயம் அடிக்கும் இடம்) அடையாளமான அந்த ரோமானிய நீர்ப்பாலம் குட்டியாக, அழகாக. குழப்பமெல்லாம் அவருக்கு முந்தைய, 17-ஆம் நூற்றாண்டு ராஜா நான்காம் பெலிப்பே காலத்துக் காசுகளில்தான். போர்ச் செலவுக்குப் பணம் போதாமல் மனுஷன் புழக்கத்தில் இருந்த செம்பையே திரும்ப வாங்கி, மேலேயே ரோமன் எண்ணில் புது மதிப்பைக் குத்திக் குத்தி விட்டிருக்கிறார், அதனால் என்னிடம் உள்ள ஒன்றில் மூன்று முத்திரை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கிறது. 12 என்பது தெரிகிறது, ஆண்டு 1641 மாதிரி இருக்கிறது, அதற்கு அடியில் இருப்பது எது? கடைசியாக விழுந்த முத்திரையை எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறம் இன்னொன்றில் வெளிர்பச்சையாகப் பொடி உதிர்கிறது. சாதாரணக் களிம்பு என்றால் விட்டுவிடுவேன், இது குளோரைடு அரிப்பு (உப்பு செம்பை உள்ளிருந்தே அரிப்பது) போல இருக்கிறது. வாலைவடிநீரில் ஊறப்போட்டிருக்கிறேன். புளி, எலுமிச்சை யோசனை மட்டும் வேண்டாம், காலப்போக்கில் காசின்மேல் படிந்த பழைய நிறப் படலமே போய்விடும். படங்கள் கீழே, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தவை.