உர்ட்ஸ் வினையில் 2-மெத்தில்பென்டேன்: என் விடையில் என்ன தப்பு?

தூங்காத பிளஸ் ஒன்:
திருப்புதல் தேர்வில் 2-மெத்தில்பென்டேன் தயாரிக்கச் சொல்லியிருந்தார்கள். உர்ட்ஸ் வினைப்படி (சோடியம் இரண்டு ஹாலைடுகளின் கார்பன் தொகுதிகளை ஒன்றாக இணைப்பது) 1-புரோமோபுரொப்பேனையும் 2-புரோமோபுரொப்பேனையும் உலர் ஈதரில் சோடியத்தோடு சேர்த்தால் வரும் என்று எழுதினேன். 3+3 கார்பன், மொத்தம் 6. சமன்பாடும் சமமாகிவிட்டது. ஆனால் மூன்று மார்க்குக்கு முட்டை! பக்கத்தில் சிவப்பு மையில் "கலவை" என்று ஒரே ஒரு சொல். எங்கே தப்பு?

பழைய குடுவை:
கணக்கு சரிதான் தம்பி. ஆனால் எது எதோடு சேர வேண்டும் என்று குடுவைக்குள் யார் போய்ச் சொல்வது? 1-புரோமோ தன் இனத்தோடே சேர்ந்தால் ஹெக்சேன். 2-புரோமோ அப்படிச் சேர்ந்தால் 2,3-டைமெத்தில்பியூட்டேன். எல்லாம் ஒரே வேகத்தில் நடந்தால் 1:2:1, அதாவது நீ கேட்டது பாதிதான். நிஜத்தில் அதுவும் தேறாது. 2-புரோமோவில் ஒரு பங்கு நீக்க வினைக்கு (HBr-ஐ இழந்து இரட்டைப் பிணைப்பு உண்டாவது) போய்ப் புரொப்பீன் ஆகிவிடும். மூவிணைய ஹாலைடு (ஹாலஜன் உள்ள கார்பனோடு மூன்று கார்பன்கள் சேர்ந்தது) என்றால் பெரும்பாலும் அந்தக் கதைதான்.

தூங்காத பிளஸ் ஒன்:
காய்ச்சி வடித்துப் பிரித்துக்கொள்ளலாமே அண்ணா?

பழைய குடுவை:
கொதிநிலையைப் பார். ஹெக்சேன் 69 டிகிரி, உன்னுடையது 60, அந்த டைமெத்தில்பியூட்டேன் 58. ஹெக்சேனையாவது பின்னக் காய்ச்சி வடித்தலில் ஓரளவு ஒதுக்கலாம். மிச்ச இரண்டுக்கும் நடுவே இருப்பது இரண்டே டிகிரி! பள்ளி ஆய்வகச் சாமானை வைத்துக்கொண்டு நடக்கிற காரியமா?

ஈதர் வாசனை:
இதற்கு கோரே-ஹவுஸ் வினைதான் சரி. 2-புரோமோபுரொப்பேனை லித்தியத்தோடு வினைப்படுத்தி, அப்புறம் காப்பர்(I) அயோடைடு சேர்த்தால் லித்தியம் டைஐசோபுரொப்பைல் குப்ரேட். அதில் 1-புரோமோபுரொப்பேனை விட்டால் உன் 2-மெத்தில்பென்டேன்.

ஆனால் திருப்பிப் போட்டுவிடாதே. கிளை உள்ள தொகுதி குப்ரேட் (காப்பர் சேர்மம்) பக்கம், ஓரிணையம் (1-புரோமோ மாதிரி கிளையில்லாத முனைக் கார்பன்) ஹாலைடு பக்கம். மாறினால் மறுபடியும் நீக்க வினை வந்து விளைச்சலைக் கெடுக்கும். நான் கல்லூரியில் மாற்றி எழுதி, இதே மாதிரி ஒரு முட்டை வாங்கினேன்.

தூங்காத பிளஸ் ஒன்:
அப்போ ஹெக்சேனைக் கேட்டிருந்தால் உர்ட்ஸே போதுமா அக்கா?

ஈதர் வாசனை:
போதும். 1-புரோமோபுரொப்பேன் மட்டும் எடு. "உலர் ஈதர்" என்பதில் "உலர்" விட்டுப்போனாலும் மார்க் போகும். ஈரம் இருந்தால் சோடியம் முதலில் தண்ணீரைத்தான் பிடிக்கும்.