கவார் எண்ணெய் வயலும் எங்கட சீனன்குடாக் குதங்களும்

கொட்டியாரம்:
சவூதியைத் தாங்கி நிக்கிறதே கவார் வயல்தான் எண்டு கனபேர் சொல்லுறாங்கள். உண்மையில அதின்ர பங்கு எவ்வளவு? நிலத்துக்குள்ள தண்ணி அடிச்சுத்தான் எண்ணெய் எடுக்கிறாங்களாம், அதால எண்ணெய் பழுதாகாதா? மற்றது, திருகோணமலைச் சீனன்குடாவில 99 எண்ணெய்க் குதம் (சேமிப்புத் தாங்கி) சும்மா கிடக்கு. அதுகளை நிரப்பினா எங்களுக்கும் அப்பிடி வருமானம் வராதா?

துளைக்கோல்:
தண்ணிக் கேள்விக்குப் பதில். கவார் ஏறக்குறைய 280 கி.மீ. நீளம், 30 கி.மீ. அகலம். எண்ணெய் அங்க குளமாத் தேங்கிக் கிடக்கேல்ல. அரப்-டி எண்ட சுண்ணாம்புக்கல் அடுக்கின்ர நுண்துளைகளுக்குள்ள இருக்கு. எடுக்க எடுக்க அழுத்தம் இறங்கும். ஒரு அளவுக்குக் கீழ போனா, கரைஞ்சிருந்த வாயு பாறைக்குள்ளயே பிரிஞ்சு முந்திக்கொண்டு கிணத்துக்கு வந்திடும், எண்ணெய் பின்னுக்கு நிண்டிடும். அதைத் தடுக்கத்தான் 1960கள் தொட்டு வயலின்ர விளிம்புகளில தண்ணி இறக்கிறாங்கள்.

இப்ப பெரும்பாலும் கடல்நீர். முதல்ல வடிகட்டி ஒட்சிசனை எடுக்க வேணும், இல்லாட்டி உருக்குக் குழாய் துருவேறும். பக்டீரியாவையும் கொல்ல வேணும், விட்டா அடியில ஐதரசன் சல்பைட்டு உண்டாக்கும். பெரிய தலையிடி பாறை வெடிப்புகள்: தண்ணி அதுகளுக்குள்ளால குறுக்கு வழி பிடிச்சு நேரத்தோட கிணத்தை எட்டிடும். அதுக்காக அடுக்கின்ர மேல்பக்கமாக் கிடைக்கிணறு (படுக்கையாப் போற கிணறு) போட்டு, தண்ணி வாற பகுதியை வால்வால அடைப்பாங்கள்.

எண்ணெய் பழுதாகாது. மேல வந்த பிறகு வாயு, தண்ணி, உப்பு மூண்டையும் பிரிச்சுத்தான் அனுப்புறது. உப்பு மிஞ்சினா சுத்திகரிப்பு நிலையத்தின்ர குழாய்களை அரிக்கும்.

உப்புவெளி:
கவாரை 1948இல் கண்டுபிடித்தார்கள், 1951இல் உற்பத்தி தொடங்கியது. நாளுக்கு 50 இலட்சம் பீப்பாய் வரும் என்று பலகாலம் நம்பப்பட்டது. 2019இல் சவூதியின் அரச எண்ணெய் நிறுவனமான அரம்கோ கடன்பத்திரம் விற்க வெளியிட்ட ஆவணத்தில் உச்சத்திறன் 38 இலட்சம் என்று போட்டதும் சந்தையே வியந்தது. அப்படியிருந்தும் அந்த நேரத்து நாட்டின் மொத்தத் திறனான 120 இலட்சத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட.

அரசுக்குப் பணம் எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம். 2020 முதல் அரம்கோ எடுக்கும் எண்ணெய்க்காக அரசுக்குக் கட்டும் உரிமக்கட்டணம் (ரோயல்டி), பீப்பாய் 70 டொலர் வரை 15 வீதம், 70க்கும் 100க்கும் இடைப்பட்ட பகுதிக்கு 45 வீதம், அதற்கு மேல் 80 வீதம். வருமான வரியும் பங்கிலாபமும் தனி. 2023இல் அரச வருமானம் 1,21,200 கோடி ரியால். அதில் எண்ணெய் 75,500 கோடி, அதாவது 62 வீதம். டொலருக்கு 3.75 ரியால் என்ற விகிதம் 1986 முதல் அசையாமல் நிற்பதற்கும் இந்த டொலர் வரவுதான் காரணம்.

துறைமுகத்தான்:
99உம் சும்மா கிடக்கேல்ல. 14ஐ லங்கா ஐ.ஓ.சி. (இந்தியன் ஒயில் நிறுவனத்தின்ர இலங்கைக் கிளை) பாவிக்குது. 2022 சனவரி உடன்படிக்கையில 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு (கூட்டுத்தாபனம் 51 வீதம், ஐ.ஓ.சி. 49).

கணக்கைப் பாருங்கோ. ஒரு குதம் 12,000 கனமீற்றர் அளவு, கிட்டத்தட்ட 75,000 பீப்பாய். 99ஐயும் நிரப்பினாலும் 75 இலட்சம்தான். கவாரின்ர உச்சத்திறனில ரெண்டு நாளுக்குக் காணாது! வயல் உள்ளவன் எண்ணெயை விக்கிறான். குதம் உள்ளவனுக்குக் கிடைக்கிறது சேமிப்பு வாடகையும், கப்பலுக்கு எரிபொருள் நிரப்புற கூலியும். ஆனா நாளுக்கு 50,000 பீப்பாய் சுத்திகரிக்கிற எங்கட சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்துக்கு அது 150 நாள் கையிருப்பு. அதைக் குறைச்சு மதிக்கேலாது.

கொட்டியாரம்:
பழைய குதத்தைத் திருத்தினா உடன நிரப்பலாமா?

துறைமுகத்தான்:
ஏலாது. அடித்தகடு கீழ்ப்பக்கத்தால அரிச்சிருக்கும், மேலால பாத்தாத் தெரியாது, தடிப்பைக் கருவி வச்சு அளக்க வேணும். மெலிஞ்ச தகட்டை மாத்தி, ஒட்டுகளைச் சோதிச்சு, பிறகு தண்ணி நிரப்பி அத்திவாரம் எந்தப் பக்கம் இறங்குது எண்டு சுத்திவர அளக்கிறது. டீசலை விடத் தண்ணி பாரம் கூட, அதால சோதனை கடுமையாவே இருக்கும். கடல்நீரைப் பாவிச்சா அரிப்பு வரும். நன்னீர் 12,000 கனமீற்றர் தேடுறது கஷ்டம், ஆகவே ஒரு குதத்துத் தண்ணியையே அடுத்ததுக்கு மாத்தி மாத்திப் பாவிக்கிறது. கடைசியா, எத்தினை சென்ரிமீற்றர் உயரத்துக்கு எத்தினை லீற்றர் எண்ட அளவுப் பட்டியல் புதுசாப் போட வேணும். அது இல்லாட்டி சுங்கத்துக்கும் கப்பல்காரனுக்கும் கணக்குக் காட்டேலாது.