ஜட்டி காயாத மழையும் ஒரு ஜீன்ஸ் ஜிப்பும்

ஹட்டன் பக்கம்

நானே ஆரம்பிக்கிறேன். ஆண்குறியில் காயம் பட்டால் என்ன செய்வது என்ற இந்தப் பேச்சு, ஒருவராவது வெட்கத்தை விடாவிட்டால் நகராது. பெயர் வேண்டாம், ஊரை மட்டும் போடுவோம்.

நம்ம மலையகத்து மழை தெரியும்தானே. ஜூலை மாதம், நாலு நாளாக வெயில் எட்டிப் பார்க்கவில்லை, கொடியில் போட்ட துணி ஒன்றும் காயவில்லை. கொழும்புக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஈர ஜட்டியைப் போட மனமில்லாமல் வெறும் ஜீன்ஸை மாட்டிக்கொண்டு, இருட்டில் ஜிப்பை ஒரே இழுவை. குறியின் அடிப்பக்கத்துத் தோல் ஜிப்பின் பல்லுக்குள் போய்விட்டது.

அந்த நேரத்தில் கை தானாக ஜிப்பைக் கீழே இழுக்கத்தான் போகும். நானும் இழுத்தேன், தோல் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. அப்புறம்தான் அசையாமல் நின்று தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பார்த்தேன். சிலருக்கு அதிலேயே வழுக்கி வந்துவிடுமாம். எனக்கு வரவில்லை. பக்கத்துக் காம்பராவில் மச்சான், பைக் திருத்துகிறவன். "சிரிக்காம உள்ள வாடா" என்று கூப்பிட்டேன். வந்து பார்த்தவன் டோர்ச்சை என் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிங் பிளையரை எடுத்தான். எனக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது. ஆனால் அவன் வெட்டியது ஜிப்பின் தலையை. அதன் மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் சேர்த்துப் பிடிக்கிற சின்னப் பாலம் ஒன்று இருக்கிறது. அதை நறுக்கியதும் தலை இரண்டாகப் பிரிந்து விழுந்தது, பற்கள் தாமாக விலகிவிட்டன. பிளையர் இல்லாவிட்டால் ஜிப்பைச் சுற்றியுள்ள துணியைக் கத்திரித்துவிட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

இரத்தம் கொஞ்சம்தான். தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பிடித்துக்கொண்டு, விடிந்ததும் டிஸ்பென்சரிக்குப் போய் ஏற்பு ஊசி போட்டேன். இரண்டாம் நாள் தோல் நீலமாகிவிட்டது, அழுகுகிறதோ என்று பயம். அது வெறும் கன்றல். பச்சையாகி மஞ்சளாகி பத்துப் பன்னிரண்டு நாளில் போய்விட்டது. நாளுக்கு நாள் வலி குறைந்தால் கவலை வேண்டாம், சிவப்பு பரவினாலோ சீழ் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ திரும்பி வா என்றார் டிஸ்பென்சரி ஐயா.

நோர்வூட் பக்கம்

அண்ணே, நீங்கள் சொன்ன தைரியத்தில் நானும். எனக்கு அட்டை.

தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டிக்கொண்டிருந்தோம். காலில் ஏறினால் தட்டிவிடுவோம், இது காற்சட்டைக்குள் போனது தெரியவே இல்லை. அட்டை கடித்தால் வலிக்காதே. வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றும்போது முன்பக்கம் முழுக்க இரத்தம். அட்டை மொட்டுக்கு, அதாவது குறியின் நுனிக்கு, பக்கத்தில் கொழுத்துப்போய்த் தொங்குகிறது.

வெளியில் நின்ற பெரியப்பா சுண்ணாம்பு வை என்றார், இன்னொருவர் லைட்டரைக் காட்டு என்றார். காலில் என்றால் செய்திருப்பேன். அந்த இடத்துத் தோல் எவ்வளவு மெல்லியது! நகத்தை அட்டையின் மெலிந்த முனைப் பக்கமாகத் தோலோடு ஒட்டி வைத்து நெம்பினேன், வாய் விட்டது, அப்புறம் மற்ற முனை. பிடித்து இழுத்திருந்தால் காயம் இன்னும் கிழிந்திருக்கும்.

எடுத்த பிறகுதான் இரத்தம் நிற்காமல் வந்தது. இரத்தத்தை உறைய விடாத ஒன்று அதன் எச்சிலில் இருக்கிறது, அதனால்தான் சின்னக் கடிக்கு அவ்வளவு இரத்தம். கழுவிவிட்டு, சுத்தமான துணியை மடித்து வைத்துக் கால்மணி நேரம் அழுத்தினேன். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. கசிவு ராத்திரி வரை இருந்தது. ஒரு வாரம் அரிப்பு, சொறியாமல் இருப்பதுதான் பெரிய தவம். இன்னொன்று, அட்டை மூத்திரத் துவாரத்துக்குள் போய்விட்டால் எதையும் விட்டுக் கிளறக் கூடாது. நேரே ஆஸ்பத்திரிதான்.

பதுளை

கல்யாணமாகி மூன்றாம் வாரம். மொட்டுக்கு அடியில் தோலைப் பிடித்திருக்கிற நூல் போன்ற பகுதி கிழிந்துவிட்டது. படுக்கை விரிப்பில் இரத்தம், என்னைவிட மனைவிதான் அதிகம் நடுங்கினாள். பத்து நிமிடம் விரலால் அழுத்தினேன், நின்றது. மூத்திரம் போகும்போது இரண்டு நாள் எரிந்தது. ஐந்தாம் நாளே ஆறிவிட்டது என்று நம்பி அவசரப்பட்டேன், அதே இடம் மறுபடி கிழிந்தது. இந்த முறை டாக்டரிடம் போனேன். முழுசாக ஆறும்வரை, சில வாரமானாலும், பொறு என்றார். திரும்பத் திரும்பக் கிழிந்தால் சின்ன ஒப்பரேஷனில் சரிசெய்யலாமாம். எனக்குத் தேவைப்படவில்லை.

பண்டாரவளை

எனக்கு வயது 52. முன்தோல் நுனியில் அடிக்கடி சின்னச் சின்ன வெடிப்பு, எரிச்சல். நெற்றிக்குப் பூசும் பாமையே அங்கேயும் பூசினேன். அன்றைக்கு, குளிக்கிற பீலியடியில் ஆடிய ஆட்டத்தை யாரும் பார்க்காதது என் புண்ணியம். பிறகு க்ளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள், சீனி ஏறியிருந்தது. காரணமில்லாமல் தோல் வெடித்தால் சீனியைப் பாருங்கள், பாமைத் தொடாதீர்கள்.

தலவாக்கலை

பீலி என்றதும் நினைவு வந்தது. குளிக்கும்போது முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவுவேன். ஒருநாள் குளிரில் விறைத்துப்போய், அதைத் திரும்ப முன்னுக்கு இழுக்காமலே வந்து போர்த்திப் படுத்துவிட்டேன். காலையில் மொட்டுக்குப் பின்னால் மோதிரம் மாட்டியதுபோல் தோல் இறுகி, முன்னால் வீங்கியிருந்தது. வெட்கப்பட்டு மத்தியானம் வரை இருந்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம், ஏனென்றால் இறுகிய இடத்துக்கு முன்னால் இரத்த ஓட்டமே கெடும். ஓபிடியில் டாக்டர் மொட்டைக் கையால் பொத்தி ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாமல் அழுத்தினார், வீக்கம் வடிந்ததும் தோலை முன்னுக்குத் தள்ளினார். நல்ல வலி. ஆனால் கத்தி தேவைப்படவில்லை.

நுவரெலியா

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன், டாக்டர் இல்லை. மேலே சொன்னதெல்லாம் பெரும்பாலும் கத்தி இல்லாமலே தப்பிக்கிற வகை. அப்படித் தப்பாத ஒன்று இருக்கிறது. விறைத்திருக்கும்போது வளைந்து 'டக்' என்று சத்தம் கேட்கும், உடனே தளர்ந்துவிடும், கொஞ்ச நேரத்தில் கத்தரிக்காய் மாதிரி ஊதா நிறத்தில் வீங்கும். எலும்பு அங்கே இல்லை, ஆனால் உள்ளுறை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். இதற்குத் தையல் வேண்டும், அதுவும் சீக்கிரம். பனடோல் போட்டு விடியட்டும் என்று படுத்தால், பிறகு வளைந்துபோகலாம், விறைப்பே குறையலாம். நுனியில் இரத்தம் வந்தாலோ மூத்திரம் போகவில்லை என்றாலோ மூத்திரக் குழாயும் அடிபட்டிருக்கலாம். பைக்கில் விழுந்து டேங்க்கில் இடித்துக்கொண்டவர்களுக்கும் இதே கதைதான், மூத்திரம் வருகிறதா என்று முக்கிப் பார்க்க வேண்டாம். தோட்ட ரோட்டில் வாகனம் கிடைக்காது என்றால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

நோர்வூட் பக்கம்

அதெல்லாம் சரி அண்ணே. கவுன்டரில் சிங்களத்தில் கேட்பார்கள், வரிசையில் பின்னால் நம்ம தோட்டத்துப் பெண்கள் நிற்பார்கள். என்ன சொல்வது?

நுவரெலியா

"முத்ரா கரன தென துவாலயக் தியெனவா" என்று மெதுவாகச் சொன்னால் போதும் தம்பி, மூத்திரம் போகிற இடத்தில் காயம் இருக்கிறது என்று அர்த்தம். அதுவும் வாயில் வராவிட்டால் துண்டில் தமிழிலேயே எழுதி நீட்டுங்கள், வாசிக்கிறவர் ஒருவர் இருப்பார். டாக்டரிடம் மட்டும் எப்போது நடந்தது, எப்படி நடந்தது என்பதை மாற்றிச் சொல்லாதீர்கள். கதவில் இடித்துக்கொண்டேன் என்கிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். அந்தக் கதவு எந்தக் கதவு என்று எங்களுக்கும் தெரியும்.

ஹட்டன் பக்கம்

ஹா ஹா. அந்த ஜீன்ஸ் என்ன ஆச்சு என்று தனியாகக் கேட்ட தம்பிக்கு: இன்னும் போடுகிறேன். ஜிப்பைக் கழற்றிவிட்டு, டெய்லரிடம் கொடுத்து நாலு பட்டன் வைத்தாயிற்று.